அந்தோணியார் உண்டியலுக்குப் போகும் சம்பளம்

ஓடைப்பட்டியில் எங்கள் அம்மா இருதயம்மாளின் வங்கிக் கணக்கில் திருட்டுப் பணம் விழுந்துவிட்டதாம். கூடலூர் ஜீப் ஸ்டாண்டில் யாரோ சொன்னதாக பெனடிக்ட் மாமா தோஹாவில் இருக்கும் எனக்குச் சொன்னார். உடனே கோவையில் ஆராய்ச்சி மாணவியாக இருக்கும் தங்கை அருள்செல்வியைக் கூப்பிட்டேன்.

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "அண்ணே, அது என் சம்பளம்! ஆராய்ச்சிக்குக் குடுக்குறது, எட்டு மாசத்தையும் மொத்தமாப் போட்டுட்டாக. நானும் அம்மாவும் சேர்ந்த கணக்குல்ல?"

"அம்மாகிட்ட சொல்லலையா?"

"வரும்னு போன மாசமே சொன்னேன். 'படிக்கிற பிள்ளைக்கு எவன்டி சம்பளம் குடுப்பான்?'னு சிரிச்சாக. இப்ப யாரோட காசோன்னு முழுசா எடுத்துக்கிட்டு கோயிலுக்கு பஸ் ஏறிட்டாகளாம், பக்கத்து வீட்டு ராக்கம்மா அத்தை சொல்லுது. அந்தோணியார் உண்டியல்ல போட்டா உரியவுககிட்ட சேத்துருவாராம்!"

திராட்சைத் தோட்டத்தில் கிடந்த அடுத்தவள் காதுத் தோட்டையும் அப்படித்தான் உண்டியலில் போட்டவள் அம்மா.

"அடியே, உரியவளே நீதானே! போன் போடு!"

"எடுத்தாத்தான! காசு விஷயமா போன் வந்தா ஏமாத்துக்காரன், எடுக்காதேன்னு பாடம் நடத்துனது யாரு?"

நான்தான், வாரா வாரம். எனக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்தபடியே அம்மாவின் எண்ணை அழுத்தினேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது.