ஆணம்

சங்கரன்கோவில் ரயில் நிலையத்துக்குப் போகிற சாலையில் பிச்சையாவின் டீக்கடையைத் தேடுகிறவர்கள் கடைப் பெயரைக் கேட்பதில்லை. "போர்டு எழுதுத கடை எங்கன இருக்கு?" என்றால் போதும், யாரும் கை காட்டிவிடுவார்கள். விடியலில் குளித்து, கோமதியம்மன் கோபுரம் இருக்கிற திசைக்கு ஒரு கும்பிடு போட்டு, பாலை அடுப்பில் ஏற்றியதும் அவர் சாக்பீஸைக் கையில் எடுப்பார். கரும்பலகையில் அன்றைக்கு ஒரு சொல்லும் பொருளும் இருக்கும், இல்லையென்றால் ஒரு பழைய சங்கதி. தென்னாட்டின் முதல் பயணிகள் ரயில் ராயபுரத்திலிருந்து கிளம்பியது, ஆக்டோபஸுக்கு மூன்று இதயம் என்று இப்படி. ஐந்தாம் வகுப்போடு நின்றவருக்கு இதில் ஏன் இத்தனை ஆசை என்று கேட்டால், விசைத்தறிக் கூடத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

வாலிபத்தில் அவர் தறி ஓட்டியவர். பக்கத்துத் தறியில் கடையநல்லூர் முகம்மது மைதீன். தறி ஓடும்போது காதுக்குள் கத்தினாலும் கேட்காது. வடை மடித்து வந்த பேப்பரில் படித்ததை யாரிடமாவது சொல்லாவிட்டால் பிச்சையாவுக்குத் தலை வெடித்துவிடும். ஒரு நாள் சாக்பீஸால் தறியின் சட்டத்தில் எழுதினார்: 'ஒட்டகத் திமிலில் இருப்பது தண்ணீர் இல்லை, கொழுப்பு.' மைதீன் எட்டிப் பார்த்து அதன் கீழே எழுதினார்: 'உமக்கும் அதுதான்.' சிரித்த சிரிப்பில் இரண்டு பேருக்கும் நூல் அறுந்தது தெரியவில்லை. மேஸ்திரி வந்து ஏசினார்.

மத்தியானம் தறிகள் நின்றதும் கூடமே திடீரென்று கோயில் மாதிரி ஆகிவிடும். அந்த அமைதியில் மைதீனின் தூக்குவாளி மூடி திறக்கும். "ஆணம் ஊத்தட்டா வே?" என்பார். பிச்சையா வீட்டில் அது குழம்பு. மைதீன் வீட்டில் ஆணம். வெள்ளிக்கிழமை பிச்சையா கறி, மீன் தொடமாட்டார் என்று தெரிந்து, அன்றைக்கு மட்டும் கத்திரிக்காய் ஆணம் வைத்துக் கொடுத்தனுப்புவார் மைதீனின் உம்மா.

பிறகு மைதீன் சவுதிக்குப் போனார். முதல் போனிலேயே, "ஒட்டகத்தப் பாத்துட்டேன் வே, ஒம்ம நெனப்புதான் வந்துச்சு" என்றார். திரும்பி வந்து, பிச்சையாவின் கடைக்கு எதிரே லுங்கிக் கடை போட்டார். கடை திறந்ததும் வந்து, போர்டைப் படித்து ஒரு நக்கல் அடித்துவிட்டுத்தான் டீயைத் தொடுவார்.

போன திங்கட்கிழமை பேப்பரில் எழுதத் தோதாக எதுவும் அகப்படவில்லை. பிச்சையாவுக்கு அந்தத் தூக்குவாளி ஞாபகம் வந்தது. கூட்டாளிக்கு ஒரு மரியாதையாக இருக்கட்டும் என்று ஆசையாக எழுதினார்: 'ஆணம் – அரபுச் சொல். பொருள்: குழம்பு.' எங்கும் படித்ததில்லை. அந்தச் சொல்லை மைதீன் வாயில் மட்டுமே கேட்டிருந்ததால், அரபாகத்தான் இருக்கும் என்று அவராகவே முடிவு கட்டிக்கொண்டார்.

டீ குடிக்க வந்த வேன் டிரைவர் பாண்டிராஜ் அதைப் படித்துவிட்டு எதிர்க்கடையைப் பார்த்துச் சத்தம் கொடுத்தான். "மைதீன் அண்ணாச்சி, ஒங்க வீட்டுல அரபியிலயா கொழம்பு வைக்கிய? நம்ம பாஷையே கெடையாதா?"

மைதீன் சாலையைக் கடந்து வந்தார். போர்டைப் படித்தார். நக்கல் வரவில்லை.

"எங்க உம்மாவுக்கு அரபியில ஓதத்தான் தெரியும் வே. ஏசுனதும் கொஞ்சுனதும் சோறு போட்டதும் தமிழ்லதான். அவ சொல்லையும் கப்பல் ஏத்தி அனுப்பிட்டீரா?"

ஊற்றி வைத்த டீ ஆறிப்போனது. மறுநாளும் அவர் வரவில்லை; அதற்கடுத்த நாளும் இல்லை. எதிரே உட்கார்ந்திருப்பார், தலை நிமிராது. பிச்சையா போர்டைத் துடைத்துப் போட்டார். மறுபடி எழுதக் கை வரவில்லை.

"எழுதத் தெரியுதுல்லா? சரியா தப்பான்னு போயிப் பாத்துட்டு வாங்க" என்றாள் அவர் மனைவி அன்னக்கிளி. "சும்மா போயி மன்னிச்சிக்கிடுங்கன்னா அண்ணன் டீயத்தான் குடிப்பாக. மனசு ஆறுமா?"

வியாழக்கிழமை கடையை அவளிடம் விட்டுவிட்டு நூலகத்துக்குப் போனார். சந்நிதிக்குப் போகிறவரைப் போல வாசலிலேயே செருப்பைக் கழற்றினார். அங்கிருந்தவர்கள் எடுத்துக் கொடுத்த தடித்த தமிழ் அகராதியில் விரல் வைத்துத் தேடினார். ஆணம் இருந்தது. அசல் தமிழ்ச் சொல். குழம்பு என்று போட்டிருந்தது. கூடவே இன்னொரு பொருளும் போட்டிருந்தது. அதைப் படித்ததும் பிச்சையாவுக்குத் தறி நின்ற அமைதியும், மூடி திறக்கிற சத்தமும் காதில் விழுந்தன. "தாயே, கோமதி" என்று முணுமுணுத்தார்.

வெள்ளிக்கிழமை காலை, எதிர்க்கடைக்குத் தெரிகிற மாதிரி பெரிதாக எழுதினார்:

'ஆணம் – பழைய தமிழ்ச் சொல். பொருள்: குழம்பு, அன்பு. திங்கட்கிழமை எழுதியது தப்பு. தெரியாமலே ரெண்டையும் சாப்பிட்டிருக்கிறேன்.'

"அப்போ நம்ம வீட்டுலதான் அந்தத் தமிழ விட்டுட்டோமா அண்ணாச்சி?" என்றான் பாண்டிராஜ்.

"டீயக் குடிடே."

மைதீன் ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். எழுந்து வரவில்லை. மத்தியானம் கடையைப் பூட்டிவிட்டு ஜும்ஆவுக்குப் போய்விட்டார். பிச்சையாவுக்குப் பால் பொங்கி வழிந்ததுகூடத் தெரியவில்லை.

தொழுகை முடிந்து வீட்டுக்கும் போய் வந்தவர் தன் கடைப்பக்கம் திரும்பவில்லை. நேரே டீக்கடைக்கு வந்தார். கையில் தூக்குவாளி. அதைப் பெஞ்சில் வைத்துவிட்டு சாக்பீஸை எடுத்தார். போர்டின் அடியில் எழுதினார்: 'ஒரு பொருள் விட்டுப்போச்சு. கொழுப்பு.'

அன்னக்கிளிதான் முதலில் சிரித்தாள்.

"கத்திரிக்காதான் வே. வெள்ளிக்கெழமைல்லா?" என்று மூடியைத் திறந்தார் மைதீன். "எம் வீட்டுக்காரி சுபைதா வச்சது. உம்மா கைப்பக்குவம் வராது, குத்தம் சொல்லாம சாப்பிடும். ஆணம் ஊத்தட்டா?"

தட்டு எடுக்க உள்ளே போகப் பொறுக்கவில்லை. பிச்சையா கையிலிருந்த டீ கிளாஸை நீட்டினார்.