காலையில் நடுங்கிய கார்

நான் நான்காம் வகுப்புப் படித்த வருடம் பெரியப்பாவின் கார் எங்கள் வீட்டுக்கு வந்தது. வள்ளியூரில் இரும்புக்கடை வைத்திருந்த பெரியப்பா புது வண்டி எடுத்ததும், பழையதை வெளியாளுக்குக் கொடுக்க மனமில்லாமல் தம்பிக்கே கொடுத்துவிட்டார். திருநெல்வேலி டவுணில் எங்கள் தெருவுக்கு அதுதான் முதல் கார். வண்டி வருவதற்கு முன்பே வகுப்பு முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன். அந்த அவசரம் எனக்கு வேண்டியதில்லைதான்.

வந்த வாரத்திலேயே கார் நடுங்க ஆரம்பித்தது. காலையில் அப்பா சாவியைத் திருப்பியதும் இஞ்சின் இருமும். பிறகு வண்டி மொத்தமும் குளிர்ஜுரம் கண்ட ஆள் மாதிரி உதறும். கண்ணாடிகள் கடகடக்கும், என் பல்லும் சேர்ந்து அடிக்கும். கோலம் போடுகிற பெண்கள் கோலத்தை விட்டுவிட்டு எங்களைப் பார்ப்பார்கள். நான் சீட்டிலிருந்து சறுக்கிக் கீழே உட்கார்ந்துகொள்வேன். தேரடி தாண்டி இஞ்சின் சூடானதும் ஒன்றுமே நடக்காதது போல வண்டி வழுக்கிக்கொண்டு போகும். ஆனால் தேரடிக்கு இந்தப் பக்கம்தான் என் வகுப்புப் பிள்ளைகளில் பாதிப் பேர் குடியிருந்தார்கள்.

அப்பா பள்ளிக்கூடத்தில் அறிவியல் வாத்தியார். கோளாறு என்றால் காரணம் இருக்க வேண்டும் என்பார். பிளக்கைக் கழற்றிச் சுரண்டினார். பெட்ரோல் போடுகிற பங்க்கை மாற்றினார். பேட்டையில் இருந்த ஒரு பட்டறைக்கு ஓட்டிக்கொண்டு போனால், போய்ச் சேருவதற்குள் இஞ்சின் சூடாகி, வண்டி நல்ல பிள்ளையாக நின்றது. ஒரு ராத்திரி அங்கேயே விட்டுவிட்டு வந்தார். காலையில் மெக்கானிக் எடுத்துப் பார்த்தபோதும் அது ஆடவில்லை. அண்ணாச்சிக்கு மனப்பிராந்தி என்கிற மாதிரி அவர் சிரித்தாராம். மறுநாள் எங்கள் வாசலில் மறுபடி உதறல்.

கண் பட்டுவிட்டது என்று அம்மா முடிவு கட்டினாள். எங்கள் வீட்டில் குளிக்காமல் யாருக்கும் காபி கிடையாது. காருக்கும் அதே சட்டம்தான். விடியற்காலையில் அப்பா குளித்துவிட்டு வந்து, அதன் தலையில் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றித் துடைத்து, திருநீறு பூசி, சூடம் காட்டிய பிறகே சாவியைத் தொடுவார். கண் பட்டது என்றான பிறகு இன்னும் ஒரு வாளி கூடியது.

கடைசியில் அப்பாவின் கோபம் வள்ளியூர்ப் பக்கம் திரும்பியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னையும் கூட்டிக்கொண்டு போய், கடையில் ஆட்கள் நிறைந்திருந்த நேரத்தில் பெரியப்பாவிடம் கேட்டார்.

"ஓட்டை வண்டின்னு தெரிஞ்சே கூடப்பொறந்தவன் தலையில கட்டிட்டீங்களேண்ணே."

தன்னிடம் இருந்தவரை அது ஆடியதே இல்லை என்று பெரியப்பா திரும்பத் திரும்பச் சொன்னார். அப்பா காதில் வாங்கவில்லை. கடைப் பையன்கள் தராசைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டார்கள். பெரியப்பா நல்லவர் என்று நினைத்திருந்தோமே என்று எனக்கு அவமானமாக இருந்தது. அதன் பிறகு இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றுபோனது.

மார்கழியில் வள்ளியூரில் அப்பாவின் சித்தப்பா இறந்துபோனார். காரை நம்பாமல் பஸ்ஸில் போனோம். சாவு வீட்டில் அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு பக்கம் நின்றார்கள். பங்காளி வீட்டுச் சாவு என்பதால் பதினாறு நாளும் எங்களுக்குத் தீட்டு. விளக்குக் கிடையாது, பூசை கிடையாது. பூசை இல்லாததால் காருக்குக் குளியலும் இல்லாமல் போனது.

திரும்பி வந்த மறுநாள் அப்பா சாவியைத் திருப்பினார். கார் ஆடவில்லை. வழக்கம்போலச் சறுக்கி உட்கார்ந்திருந்த நான் மெதுவாக எழுந்து பார்த்தேன். அடுத்த நாளும் ஆடவில்லை. அதற்கும் அடுத்த நாள் அப்பா ஒரு வாளித் தண்ணீரைக் கொண்டுவந்து, பூசை எதுவும் இல்லாமல், இஞ்சின் மூடி மேல் ஊற்றினார். வண்டியை எடுத்ததும் அது உதறியது. மூடியைத் தூக்கிப் பார்த்தார். பிளக்குக்குக் கரண்ட் போகிற வயர்களில் எல்லாம் தண்ணீர் முத்து முத்தாக நின்றது. இடுக்கு வழியாக இறங்கிய தண்ணீர் கரண்டைத் தடுத்திருக்கிறது. இஞ்சின் சூட்டில் அது காய்கிற வரை உதறல். பெரியப்பா வண்டியைக் குளிப்பாட்டுகிறவர் இல்லை. வருடத்துக்கு ஒரு தடவை ஆயுதபூசைக்குத் துணியால் துடைத்தால் பெரிது.

அப்பா மூடியைச் சாத்திவிட்டு வெகுநேரம் அங்கேயே நின்றார். இனி யாரும் நம்மைப் பார்த்துச் சிரிக்க மாட்டார்கள் என்ற சந்தோஷத்தில் நான் தெருவுக்கே கேட்கிற மாதிரிப் பாடிக்கொண்டிருந்தேன்.

பதினாறாம் நாள் காரியத்துக்குக் காரிலேயே போனோம். சாப்பாடு முடிந்து நாங்கள் கிளம்பும்போது, பெரியப்பா தானாகவே காருக்குப் பக்கத்தில் வந்தார். உறவுக்காரர்கள் எல்லாம் சுற்றி நின்றார்கள்.

"வண்டி இப்பவும் ஆடுதாலே?"

"இல்லண்ணே. சரியாயிட்டு."

"என்ன கோளாறாம்?"

அப்பா இஞ்சின் மூடியைப் பார்த்தார். "உள்ள ஒரு சாமான் போயிட்டாம். பேட்டையில மாத்திட்டாங்க" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அம்மா சட்டென்று தலையைக் குனிந்துகொண்டாள்.

பெரியப்பா முகம் சுண்டிவிட்டது. அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "அப்ப கோளாறு இருந்திருக்கு. சத்தியமா எனக்குத் தெரியலலே. நல்லாப் பாத்துட்டுல்லா உனக்குக் குடுத்திருக்கணும், எம்மேலதான் தப்பு. மனசுல வச்சுக்கிடாத" என்றார். அத்தனை பேர் முன்னால் தம்பியிடம் அப்படிச் சொல்ல அவருக்கு எப்படி இருந்திருக்கும். அப்பா கையை விடுவித்துக்கொள்ளவில்லை.

நாங்குநேரி தாண்டியதும் அப்பா சாலையோரத்தில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கிப் போனார். எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வெறுங்காட்டைப் பார்த்தபடி நின்றார். வண்டி திரும்பவும் ஆடுகிறதா என்று அம்மாவிடம் கேட்டேன்.

"வண்டிக்கு ஒண்ணுமில்ல. நீ பேசாம இரு" என்றாள்.

வண்டிக்கு ஒன்றுமில்லை என்றால் நடுவழியில் எதற்கு இறங்கி நிற்க வேண்டும் என்று எனக்கு எரிச்சலாக வந்தது. ஒரே ஒரு பொய்யில் அப்பா பெரியப்பாவை ஜெயித்துவிட்டார். அவ்வளவு பெரிய மனுஷர் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டுவிட்டார். அதை நாளைக்கு யார் யாரிடம் சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டே, முன்சீட்டுக்கு எக்கி, அப்பா திரும்பிப் பார்க்கிற வரை ஹாரனை அழுத்திக்கொண்டிருந்தேன்.