நான் போடாத இலை

யூக்கலிப்டஸ் இலை எரியும் வாசம் வந்தால் எனக்கு இன்றும் உச்சந்தலை சுரீரென்கிறது. போன மாதம் அப்புத்தளைக்குக் கீழே, பனி ஏறுவதும் இறங்குவதுமாக இருந்த ஒரு வளைவில், கொழும்பிலிருந்து வந்த பிள்ளைகள் சிலர் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கேஸ் அடுப்பை வைத்துக் கண்ணாடிக் கூம்பில் கோப்பி வடித்துக்கொண்டிருந்தார்கள். வேடிக்கை பார்த்து நின்ற எனக்கும் ஒரு கோப்பை தந்தார்கள். நல்ல கோப்பிதான். வாயருகே கொண்டுபோகும்போது, மேலே ரோட்டோரம் யாரோ சருகு கூட்டிக் கொளுத்திய புகை காற்றோடு இறங்கிக் கோப்பைக்குள் விழுந்தது. அவ்வளவுதான், கோபம் வந்துவிட்டது. பாவம் அந்தப் பிள்ளைகள், அவர்களுக்கு என்ன தெரியும். இது எட்டு வயதில் பற்றிய கோபம், இத்தனை வருஷ மழைக்கும் அணையாதது.

சொல்கிறேன், நியாயத்தை நீங்களே சொல்லுங்கள்.

சித்தி, அம்மாவின் தங்கை, தேயிலைத் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில், எங்களோடுதான் இருந்தாள். எங்கள் தோட்டத்தில் உயர்தரப் பரீட்சை பாஸ் பண்ணிய முதல் பெண். ஆசிரியர் பயிற்சிக்கு விண்ணப்பித்துவிட்டு, தபால்காரர் வரும் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த நேரம் பார்த்து வெல்லவாயவில் கடை வைத்திருக்கும் ஒரு குடும்பத்திலிருந்து சம்பந்தம் வந்தது. பொண்ணு படிச்சது போதும், வேலைக்கெல்லாம் அனுப்புற பழக்கம் எங்களுக்கு இல்ல என்று அவர்கள் முதல் பேச்சிலேயே சொல்லிவிட்டார்கள். அப்பா அதற்கும் தலையாட்டினார். சித்தியிடம் ஒரு வார்த்தை கேட்டார்களா என்றால், கேட்கவில்லை. ஆட்டை விற்பவன்கூட அதன் முகத்தை ஒருதடவை திருப்பிப் பார்ப்பான்.

வீட்டுக்கு வந்து பெண் பார்த்து, பிடிக்கவில்லை என்று போய்விட்டால் லயம் முழுக்க அதே பேச்சாகிவிடும். அதனால் எங்கள் பக்கத்தில் ஒரு தந்திரம் வைத்திருந்தார்கள். இரண்டு குடும்பமும் எங்காவது தற்செயலாகச் சந்தித்துக்கொள்ளும். அந்த வருஷம் ஆடித் திருவிழாவுக்குக் கதிர்காமம் போகிற வழியில், பெரகலைக்குக் கீழே, ஓடையும் யூக்கலிப்டஸ் மரங்களும் இருக்கிற இடத்தில் எங்கள் வான் வண்டி தற்செயலாக நிற்கும். கீழேயிருந்து ஏறிவரும் அவர்கள் வானும் தற்செயலாக அங்கேயே நிற்கும். சித்தி தற்செயலாக மூன்று கல் கூட்டிக் கோப்பி போடுவாள். மாப்பிள்ளையின் அம்மா குடித்துப் பார்த்துவிட்டுச் சம்மதமா இல்லையா என்று சொல்வாள்.

கோப்பி என்றதும் எனக்குக் கவலையே இல்லாமல் போயிற்று. சித்தி கோப்பிக்கு ஈடு கிடையாது. லயத்துப் பின்பக்கத்துக் கோப்பிச் செடியில் பழம் பறித்துக் காயவைத்து, கொத்தமல்லியும் துளி சுக்கும் சேர்த்து வறுத்து இடிப்பாள். வெளியிடத்தில் போடுவதென்றால் அவளுக்குக் கூடுதல் கவனம். அடுப்பின் வாயைக் காற்றுக்குப் பக்கவாட்டில் வைப்பாள். தண்ணீர் கொதிக்கும்வரை மூடியைத் திறக்கவிடமாட்டாள், புகை உள்ளே இறங்கினால் கோப்பி செத்துப்போகும் என்பாள். இறக்கிவைத்துத்தான் தூள் போடுவாள். ஒரே கிண்டு, மறுபடி மூடி. பிறகு பச்சைத் தண்ணீரைக் கையில் அள்ளி மேலே தெளித்தால் தூளெல்லாம் பெட்டிப்பாம்பாய் அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். கொழுந்து பறிக்கிற பெண்கள் ஒரு மிடறு கேட்டு மலையிலிருந்து இறங்கி வருவார்கள்.

அன்றைக்கு விறகு பொறுக்கும் வேலை எனக்கு. கவ்வாத்தில் வெட்டிக் கழித்த தேயிலை மிளாறுகளாகப் பார்த்து, ஒவ்வொன்றையும் முறித்துச் சத்தம் கேட்டுக் கொண்டுவந்தேன். நன்றாகக் காய்ந்த, சடசடவென்று முறிகிற விறகு. நெருப்பு நன்றாகப் பிடித்தது. தண்ணீர் கொதித்தது. அவர்கள் வானும் வந்து நின்றது.

அப்போதுதான் சித்தி எழுந்துபோய், யூக்கலிப்டஸ் கொப்பு ஒன்றை வளைத்து, இலையை உருவி எடுத்துவந்தாள். பச்சை இலை. அதை அடுப்பில் திணித்தாள். வெள்ளைப் புகை சுருள் சுருளாய் எழுந்தது. மூடியைத் திறந்து பக்கத்தில் வைத்தாள். தூளைக் கொட்டி, கொதிக்கக் கொதிக்க, மூடாமல், அந்தப் புகைக்குள்ளேயே கிண்டினாள். கொசுவுக்குப் புகை போடுகிறாள் என்று நினைத்தேன். மூடியை மறந்துவிட்டாளோ என்று நானே எடுத்து நீட்டினேன். வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

எல்லோருக்கும் டம்ளர் போயிற்று. அப்பா ஒரு வாய் குடித்துவிட்டு மலையைப் பார்த்தார். அம்மா டம்ளருக்குள் பார்த்தாள். மாப்பிள்ளையின் அம்மா வாயில் இருந்ததைப் புல்லில் துப்பிவிட்டு, முந்தானையால் உதட்டைத் துடைத்துக்கொண்டாள்.

"மொதமொத இந்தக் கையால வாங்கிக் குடிக்கிறோம், சீக்காளி வீட்டு வாசமால்ல அடிக்குது. தைலத்தக் காய்ச்சுன மாதிரி."

மாப்பிள்ளை மட்டும் முழுக்கக் குடித்து முடித்திருந்தார். "தடுமனுக்கு இதமாத்தான் இருக்கும்மா" என்றார்.

"நீ சும்மா இரு. சகுனம்னு ஒண்ணு இருக்கு."

எனக்குத் தாங்கவில்லை. யார் கோப்பியை யார் துப்புவது? நடுவில் போய் நின்றேன். "எங்க சித்தி கோப்பி இப்பிடி இருக்காது. இன்னொருக்கா போடச் சொல்லுங்க. தூள் இருக்கு, ஓடையில தண்ணி இருக்கு, விறகு நான் கொண்டாறேன்."

மாப்பிள்ளையின் அப்பா சிரித்துவிட்டார். "புள்ள சொல்றதும் சரிதானே, போடட்டுமே" என்று துண்டை விரித்து மறுபடி உட்கார்ந்தார். அப்பாவின் முகத்தில் உயிர் வந்தது. நான் பெருமையாகச் சித்தியைத் திரும்பிப் பார்த்தேன்.

சித்தி தூள் டப்பாவை எடுத்தாள். அது அப்படியே கவிழ்ந்தது. வருஷம் முழுக்கச் சேர்த்த தூள் நெருப்பில் விழுந்து, அந்த வளைவு முழுக்க, அத்தனை மரமும் மணக்கிற மாதிரி ஒரு கோப்பி வாசம் எழுந்தது. அப்படி ஒரு வாசத்தை நான் அதற்குப் பிறகு முகரவில்லை. குடிக்கத்தான் ஒன்றும் இல்லை.

"எல்லாம் இவளாலதான்" என்றாள் சித்தி, என்னைக் காட்டி. "பச்ச எலையக் கொண்டாந்து திணிச்சதும் இவதான். சொல்லச் சொல்லக் கேக்கல. இப்ப டப்பாவையும் தட்டிவிட்டுட்டா."

நானா? நான் நின்றது எங்கே, டப்பா இருந்தது எங்கே? "பொய்" என்று கத்தினேன். "சித்திதான் போட்டுச்சு, நான் பாத்தேன்." பெரியவங்களப் பொய்க்காரின்னு சொல்ற வாயா இது என்று அப்பா மோதிரக் கையால் உச்சந்தலையில் குட்டினார். கண்ணில் பூச்சி பறந்தது. நான் சித்தியைப் பார்த்தேன். இப்போதாவது சொல்வாள் என்று பார்த்தேன். அவள் சாம்பலைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

அவர்கள் வான் வந்த வழியே இறங்கிப் போயிற்று. அந்தப் பக்கத்திலிருந்து பிறகு பேச்சே வரவில்லை.

எங்கள் வானில் சித்தி என் தலையை மடியில் இழுத்து, வீங்கிய இடத்தைத் தேய்த்துவிட்டாள். நான் அந்தக் கையைத் தட்டிவிட்டு அம்மாவிடம் போனேன். கதிர்காமத்தில் எல்லோரும் குடும்பத்துக்கு வேண்டிக்கொண்டார்கள். நான் சித்திக்குத் தண்டனை கேட்டேன். முருகா, இவளை எங்கேயாவது ரொம்பத் தூரமா அனுப்பிவிடு, எங்க வீட்டுல வேணாம். பக்கத்தில் சித்தியும் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, உதடு அசைய, வெகுநேரம் நின்றாள். எனக்கு எதிராக என்ன சொல்லிக்கொடுக்கிறாளோ என்று இன்னும் எரிந்தது.

முருகன் கேட்டுவிட்டான். தை பிறந்ததும் பயிற்சிக் கல்லூரியில் இடம் கிடைத்தது. வந்த இடத்தை விட்டுடாதீங்க என்று தோட்டத்துப் பள்ளிக்கூட வாத்தியார்கள் வந்து பேச, அப்பாவும் வேறு வழியில்லாமல் பெட்டியைத் தூக்கினார்.

அப்புத்தளை ஸ்டேஷனில் பனி. அதுவரை அவளோடு நான் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. அம்மா தள்ளிவிட்டதால்தான் ஜன்னலடிக்குப் போனேன். சித்தி குனிந்தாள்.

"இன்னும் கோவமாடி?"

"நான் எலை போடல."

"ஆமாடி. நீ போடல." ரயில் ஒரு குலுக்குக் குலுக்கியது. அவள் குரலைத் தணித்துக்கொண்டாள். "ஒனக்கு ஒரு குட்டோட போச்சு. நான்தான்னு சொல்லியிருந்தா, எனக்கு எதோட போயிருக்கும்னு நெனைக்கிற?"

நான் நன்றாக யோசித்துவிட்டு, ரயிலோடு இரண்டு எட்டு நடந்தபடி சொன்னேன்.

"ரெண்டு குட்டு."