ஒன்பதாவது சீசனுக்குப் பிறகு

அந்தத் தொடர் ஒன்பதாவது சீசனோடு செத்துவிட்டது என்று பத்து வருஷத்துக்கு மேல் சொல்லிக்கொண்டிருந்தேன். சொன்னேன் என்பது குறைவு, வாதாடினேன். ஆபீசில் ஒரு ஃபைல் தப்பான மேஜைக்குப் போய்விட்டால் எப்படி விடமாட்டேனோ அப்படி இதையும் விடவில்லை. இதையெல்லாம் கேட்டுக்கொள்ள எனக்கு இருந்தது ஒரே ஆள், கனடாவில் இருக்கும் என் தம்பி.

தொடர் என்றால் அழுகைத் தொடர் இல்லை. வெள்ளைக்காரர்கள் எடுக்கும் நகைச்சுவைத் தொடர், இருபது வருஷத்துக்கு மேல் ஓடுகிறது. மழையே விடாத ஏதோ ஒரு கிரகத்தில் ஒரு வானிலை நிலையம். அங்கே ஒரு நெட்டையன், எந்நேரமும் எதையாவது தின்றுகொண்டிருக்கும் ஒரு பெண், அப்புறம் மழையை அளக்கும் ஒரு மெஷின். அந்த இடத்துக்கே தான்தான் மேனேஜர் என்று மெஷினுக்கு நினைப்பு. மூவரும் தினமும் மழை அளவைப் பூமிக்கு அனுப்புகிறார்கள். பூமியில் அதை ஒருவரும் பிரித்துக்கூடப் பார்ப்பதில்லை. இவ்வளவுதான் கதை.

நீலகிரியில் மழைக்குப் பேர்போன தேவாலாவில் வளர்ந்த எங்களுக்கு இந்தக் கதையை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அப்பா தேயிலை எஸ்டேட் ஃபாக்டரியில் வேலை பார்த்தார். தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிக்கொடுத்த லயத்தில் எங்களுக்கு ஒரு அறையும் புகை பிடித்த ஒரு சமையலறையும். ஜூனில் மழை பிடித்தால் தகரக் கூரையில் இரையும் சத்தத்தில் ஒருவர் பேசுவது இன்னொருவருக்குக் கேட்காது. சோறு வேண்டுமா என்பதையே கத்தித்தான் கேட்போம். வீட்டுக்குக் கேபிள் வந்த வருஷம், ஏதோ ஒரு இங்கிலீஷ் சேனலில் சனிக்கிழமை சாயங்காலம் இந்தத் தொடர் வந்தது. நான் காலேஜில் இருந்தேன். தம்பி எட்டாவதோ ஒன்பதாவதோ.

எங்கள் வீட்டில் இங்கிலீஷ் ஒருவருக்குத்தான் வாங்க முடிந்தது. அது தம்பிக்கு வாங்கப்பட்டது. அவன் டை கட்டிக்கொண்டு வேனில் கூடலூர் கான்வென்ட்டுக்குப் போனான். நான் தமிழ் மீடியத்துக்கு நடந்து போனேன். இதில் எனக்கு வருத்தமே இருந்ததில்லை என்று எழுத ஆசைதான். இருந்தது. சனிக்கிழமை சாயங்காலம் மட்டும் அது இருக்காது. அன்றைக்கு அவனுடைய இங்கிலீஷில் எனக்கும் பங்கு கிடைக்கும். அவர்கள் இங்கிலீஷில் பேசப்பேச அவன் தமிழில் சொல்வான், மழைக்கு மேல் கத்திச் சொல்வான்.

அவன் சொன்ன மெஷின் எங்கள் ஊர்க் கங்காணி மாதிரிப் பேசும். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற இடத்தை எங்கள் ஆட்கள் பெரட்டு என்பார்கள். அங்கே லேட்டாக வருகிறவர்களுக்கு அரைநாள் வேலைதான் பதிவாகும். அதற்கு அரைப்பேர் என்று பெயர். நெட்டையன் கதவைத் திறந்துகொண்டு வந்ததும் மெஷினில் விளக்கு எரியும், தம்பி தொண்டையைக் கட்டையாக்கிக்கொள்வான். "என்னா தம்பி, பெரட்டுக்கு வாறப்ப வாயில ரொட்டி? இன்னைக்கு ஒனக்கு அரைப்பேருதான். போ, போயி மழையை எண்ணு." நான் சிரித்துப் பாயில் விழுவேன். சிரிப்பதென்றால் கூலி கேட்பவர் மாதிரி முகத்தை வைத்திருக்கும் அப்பாகூட வாசற்பக்கம் திரும்பிக்கொண்டு தோளைக் குலுக்குவார். வெள்ளைக்காரனுக்கு எப்படி எங்கள் பெரட்டு தெரிந்தது என்று நான் யோசித்ததில்லை. வேலை செய்கிற இடம் எல்லா ஊரிலும் இப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

இப்படி ஒன்பது சீசன். அவன் கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் படித்தபோதும் லீவில் வந்தால் மொத்தமாக உட்கார்ந்து பார்ப்போம், அப்போதும் அவன்தான் சொல்வான். பிறகு எனக்குக் குன்னூர் பக்கத்து வெலிங்டனில் ராணுவ ஆபீஸ் ஒன்றில் கிளார்க் வேலை கிடைத்தது. அவனுக்குக் கனடா கிடைத்தது. அம்மாவும் அப்பாவும் ஒரு வருஷ இடைவெளியில் போய்ச் சேர்ந்தார்கள். லயத்து வீடு வேறு குடும்பத்துக்குப் போயிற்று.

பத்தாவது சீசனிலிருந்து எங்களுக்குள் ஒரு ஏற்பாடு. சனிக்கிழமை இங்கே சாயங்காலம் ஏழு, அங்கே காலை ஒன்பதரை. போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று எண்ணி இருவரும் ஒரே நேரத்தில் படத்தை ஓடவிடுவோம். என் லேப்டாப்பில் கீழே இங்கிலீஷ் எழுத்து ஓடும். ஆபீஸ் கடிதங்கள் தட்டித் தட்டி என் இங்கிலீஷும் தேறியிருந்தது. இனி எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை என்று பெருமையாகத்தான் இருந்தது.

ஆனால் தொடர் படுத்துவிட்டது. நெட்டையன் வந்தான், போனான். மெஷின் வறவறவென்று எண்களைச் சொன்னது. படத்தின் பின்னணியில் யாரோ கூட்டமாகச் சிரித்தார்கள், நான் சிரிக்கவில்லை. "எழுதுற ஆளை மாத்திட்டாங்கடா" என்றேன். "மெஷினுக்குப் பேச வரலை" என்றேன். தம்பி ஒத்துக்கொள்ள மாட்டான். "இல்லக்கா, இப்பதான் நல்லா இருக்கு" என்பான். அவனுக்கு ரசனை கெட்டுவிட்டது என்று முடிவுகட்டினேன். இணையத்தில் அந்தத் தொடருக்கு ரசிகர் குழு ஒன்று இருக்கிறது. அதில் சேர்ந்து, பழைய மெஷினின் அரைப்பேர் வசனத்தை எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் எழுதி, இது மாதிரி இப்போது ஒன்று உண்டா என்று கேட்டேன். அது எந்த எபிசோட் என்று நாலு பேர் திருப்பிக் கேட்டார்கள். ஒழுங்காகப் பார்க்காத கூட்டம் என்று அவர்களையும் திட்டிவிட்டு வெளியே வந்தேன்.

போன வருஷம் பங்குனியில் ஒரு சனிக்கிழமை, எனக்கு ஆபீசில் ஏதோ எரிச்சல். பாதி எபிசோடில் சொன்னேன், "இதைப் பாக்குறதுக்கு அரை மணி நேரம் செவுத்தைப் பாக்கலாம்."

"அப்ப செவுத்தையே பாருக்கா" என்றான். போன் அணைந்தது.

அடுத்த சனிக்கிழமை ஏழு மணிக்கு அவன் கூப்பிடவில்லை. நானும் கூப்பிடவில்லை. எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் நிற்கும், அது இறங்க நாளாகும். இறங்கியபோது வெட்கம் வந்துவிட்டது. சித்திரை போயிற்று, வைகாசி போயிற்று. ஆபீசில் என்னை மேடம் என்பார்கள், கடையில் அம்மா என்பார்கள். அக்கா என்று என்னைக் கூப்பிட உலகத்தில் ஒரு குரல்தான் உண்டு. அது வாரத்தில் ஒருநாள் அரை மணி நேரம் வந்துகொண்டிருந்தது. அதையும் ஒரு மழை மெஷினுக்காகச் சண்டை போட்டு நிறுத்திக்கொண்டேன். காலையில் ரெஜிமெண்ட் பையன்கள் ரோட்டில் சத்தம் போட்டுக்கொண்டு ஓடுவார்கள், அந்தச் சத்தத்துக்காகவே ஜன்னலைத் திறந்து வைக்க ஆரம்பித்தேன்.

கீழ் வீட்டு வீட்டுக்காரம்மா கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர். ஒருநாள் படியில் நிறுத்திக் கேட்டார். "ஏனுங் அம்மணி, சனிக்கெழமைன்னா மேல பேச்சுச் சத்தமும் சண்டைச் சத்தமுமா இருக்குமுங்க. இப்ப ஒண்ணையும் காணோமுங்களே. ஒடம்புக்கு ஏதுமுங்களா?"

"படம் நல்லா இல்லைங்க, நிறுத்திட்டேன்" என்றேன்.

ஆடியில் மழை வலுத்தது. துணி நாலு நாளாகக் காயாமல் அறை முழுவதும் தொங்கியது. தம்பியோடு சமாதானம் ஆக எனக்கு ஒரே வழிதான் தெரியும், நான் சொன்னது சரி என்று நிரூபித்துவிட்டுப் பேசுவது. இரண்டு நாள் லீவு போட்டேன். ஒரு நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு முதல் சீசனை முதல் எபிசோடிலிருந்து ஓடவிட்டேன். பழைய நல்ல வசனங்களை எல்லாம் எழுதி, போட்டோ எடுத்து அவனுக்கு அனுப்புவதாகத் திட்டம்.

நெட்டையன் கதவைத் திறந்துகொண்டு வந்தான். அதே கதவு. அவன் வாயில் ஏதோ பிஸ்கட். மெஷினில் விளக்கு எரிந்தது. நான் பேனாவைத் திறந்தேன். கீழே எழுத்து ஓடியது: அளவு பன்னிரண்டு, பதிவு செய்யப்பட்டது. அவ்வளவுதான். பின்னால் கூட்டமாகச் சிரித்தார்கள்.

வேறு எபிசோடாக இருக்கும் என்று அடுத்ததைப் பார்த்தேன். அதற்கடுத்ததையும் பார்த்தேன். மறுநாள் சாயங்காலம்வரை பார்த்தேன். நான் இருபது வருஷமாக மனப்பாடமாக வைத்திருந்த ஒரு வசனம்கூட அதில் இல்லை. மெஷின் கடைசிவரை எண்களைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது, வறவறவென்று, இப்போது சொல்வது மாதிரியே. தொடர் கெட்டுப்போகவே இல்லை. முதல் நாளிலிருந்து அப்படியேதான் இருந்திருக்கிறது. லயத்து வீட்டின் அந்த மழைச் சத்தத்தில் டிவி என்ன பேசியது என்று எனக்கு ஒருநாளும் கேட்டதில்லை. பக்கத்தில் இருந்த தம்பிக்கு மட்டும் எப்படிக் கேட்டது? நோட்டில் ஒரு வரியும் எழுதாமல் மூடி வைத்தேன். கொஞ்ச நேரம் அழுதேன், எதற்கென்று சரியாகத் தெரியவில்லை.

சனிக்கிழமை ஏழு மணிக்கு நான் கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தான்.

"அக்கா? என்னக்கா, ஏதாச்சும் ஆயிருச்சா?"

"மெஷின் அரைப்பேருன்னு சொல்லவே இல்லடா" என்றேன்.

மெல்லச் சிரித்தான். "இப்பதான் கண்டுபிடிச்சியா?"

"எல்லாம் நீயாச் சொன்னதா?"

"வேற என்ன பண்றது? அவங்க பேசுறது ஒரு வார்த்தை எனக்குப் புரியாதுக்கா. கான்வென்ட்ல எழுதத்தான் சொல்லிக் கொடுத்தாங்க. வெள்ளைக்காரன் வேகத்துக்கு யாருக்குப் புரியும்? மழை வேற. அப்பா பக்கத்துல உக்காந்திருக்காரு. நீயும் உக்காந்திருக்க. ஒன்னைய விட்டுட்டு என்னையப் படிக்க வச்சாங்க. புரியலைன்னு எந்த வாயால சொல்றது? மொத நாள் பயந்துபோய் கங்காணி மாதிரி எடுத்து விட்டேன். நீ விழுந்து விழுந்து சிரிச்ச. அப்புறம் எங்க நிறுத்துறது?"

"அப்ப, இப்பதான் நல்லா இருக்குன்னு ஏன்டா சண்டை போட்ட?"

"எனக்கு அது புரிஞ்சதே இங்க வந்த பொறகுதான். பத்தாவது சீசன்தான் எனக்கு மொத சீசன். நெசமாவே நல்லா இருந்துச்சுக்கா. நீ பார்த்தது அந்தப் படமே இல்ல."

லேப்டாப்பைத் திறந்தேன். "முதல் சீசன், முதல் எபிசோட். சத்தத்தை அணைச்சிடு. நானும் அணைச்சிட்டேன். நீ சொல்லு" என்றேன்.

"ஐயோ அக்கா, இப்பவா?"

"ஒண்ணு, ரெண்டு, மூணு."

நெட்டையன் கதவைத் திறந்தான். விளக்கு எரிந்தது. தம்பி தொண்டையைக் கட்டையாக்கினான். "என்ன தம்பி... ஓகே, நீங்க ஏன் லேட்? டீம்ல எல்லாரும் வெயிட்டிங். வாயில அது... அது என்ன..." நின்றான். பின்னால் அவன் பிள்ளைகள் இங்கிலீஷில் எதற்கோ சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். மறுபடி ஆரம்பித்தான். கங்காணி போய்விட்டார். அவர் இருந்த இடத்தில் கழுத்தில் அடையாள அட்டை தொங்கும் யாரோ ஒருவர் மரியாதையாகப் பேசிக்கொண்டிருந்தார். வார்த்தை ஒவ்வொன்றையும் தேடித் தேடி எடுத்தான். அடுத்த வார்த்தை வருவதற்குள் படத்தில் ஆட்கள் மாறிவிட்டார்கள்.

நான் சிரித்தேன். கீழ் வீட்டுக்குக் கேட்கட்டும் என்று சத்தமாகவே சிரித்தேன்.

"நெசமாவே சிரிக்கிறியா?" என்றான். குரல் அந்த எட்டாவது படிக்கும் பையனுடையதாக இருந்தது. "முந்தி மாதிரி வரலையேக்கா. கெட்டுப்போச்சுல்ல?"

பத்து வருஷமாக இந்த ஒரு விஷயத்தில் ஒருநாளும் நான் விட்டுக்கொடுத்ததில்லை.

"ஒண்ணும் கெட்டுப்போகலைடா" என்றேன். "அப்ப இருந்த மாதிரியேதான் இருக்கு. அடுத்ததைச் சொல்லு."