குடுவைக்காரருக்கு இரண்டு எதிரிகள்

ஆய்வுக்கூடத்தில் அவரைக் குடுவைக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். சோதனைக் குடுவைகளைக் கழுவிக் கவிழ்ப்பது வேலை. தலை நரைத்தது, இடுப்பு விட்டுப்போனது, தலைவர்கள் மாறினார்கள். தொட்டிக்கு முன்னால் அவர் மட்டும் மாறவில்லை. அதிர்ந்து பேசாத மனுஷன். ஆனால் மனசில் ஒன்றை வைத்தால் வைத்ததுதான், எந்தச் சோப்புக்கும் போகாது.

இப்போதைய தலைவி டாக்டரம்மா. வாய்க்கு வாய் அவரை 'அண்ணே' என்பார். அந்த வாய்தான், தங்கை சாகக் கிடக்கிறாள் என்று அவர் லீவு கேட்டு நின்றபோது, "இந்தச் சோதனை முடியட்டும்ணே, அப்புறம் போங்க" என்றது. சோதனை முடிந்து அவர் போய் இறங்கினால், தங்கையும் முடிந்திருந்தாள். கடைசிவரை வாசலையே பார்த்துக்கொண்டு கிடந்தாளாம்.

மணல் ஈ கடித்து உடம்பில் ஏறிய ஒற்றைச் செல் ஒட்டுண்ணி அவள் மண்ணீரலை வீங்க வைத்துக் கொன்றது. அதைக் கொல்லும் வழி தேடி, அதே பீடையைத்தான் இங்கே தீனி போட்டு வளர்க்கிறார்கள். நம் செல்லுக்குச் சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியா ஏராளம். இந்தச் சனியனுக்கு ஒன்றே ஒன்று, வீட்டுக்கு ஒரே அடுப்பு மாதிரி. அதற்குச் சைகை காட்டுவது கால்சியம். அந்தக் கால்சியத்தையே அளவு மீறித் திணித்து அடுப்பை அணைக்கும் மருந்து டாக்டரம்மாவிடம் இருந்தது. கால்சியம் ஏறினால், குடுவையில் கலந்து வைக்கும் ஒரு சாயம் ஒளிரும். மருந்தை ஏற்பதா, தூக்கிப் போடுவதா என்று சொல்லும் குழு மறுநாள் வருகிறது.

குழாய்த் தண்ணீரிலும் கால்சியம் உண்டு. அதனால் கடைசி அலசல் சுத்திகரித்த நீரில்தான். குழாய் நீரில் அலசிக் காயவைத்தால் போதும், ஒப்பிட்டுப் பார்க்க மருந்து போடாமல் வைக்கும் குடுவையும் மின்னும், ஒளிர்ந்தது மருந்தால் இல்லை என்றாகிவிடும். டாக்டரம்மாவின் மானம் கப்பலேறிவிடும்.

"உனக்கு இருக்குடி" என்று முணுமுணுத்தபடி குழாயைத் திறந்தார். குடுவையை நீட்டினார். நீட்டிய கை நின்றது. மருந்தைத் தூக்கிப் போட்டால் யாருக்கு லாபம்? தங்கையைத் தின்ற பீடைக்கு. அது பிழைக்க இவர் வழி பண்ணுவதா? எரிச்சலோடு குழாயை மூடினார். எல்லாக் குடுவைகளையும் சுத்திகரித்த நீரில், பல்லைக் கடித்துக்கொண்டு அலசினார்.

மறுநாள் மருந்து போட்டவை மட்டும் மின்னின. குழு தலையாட்டிவிட்டுப் போனது. "நானும் பாக்கணும் மேடம்" என்று குடுவைக்காரர் நுண்ணோக்கியில் குனிந்தார். வாலைச் சுழற்றித் திரிந்தவை ஒவ்வொன்றாக அடங்கின. "சாவு" என்றார் மெல்ல. "நல்லா துடிச்சுச் சாவு." கடைசி ஒன்று அசையாமல் போகும்வரை கண்ணை எடுக்கவில்லை.

டாக்டரம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. "உங்க கைராசிண்ணே. என்ன வேணுமோ கேளுங்க."

அவர் நிமிர்ந்தார்.

"என் தங்கச்சியத் தின்னது அது. அவ முகத்தக் கூடப் பாக்க விடாம பண்ணது நீங்க. நேத்து உங்கள விட்டு வச்சேன், அதக் கொல்றதுக்காக. அது செத்தாச்சு மேடம். இனி உங்கள எதுக்கு விடணும்?"