குப்பையைத் துளைத்து வந்தவர்

மாத்தளையில் ஒரு டியூஷன் வகுப்பின் பரிசளிப்பு விழாவுக்கு அவர்தான் பிரதம அதிதி. ரத்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் பிறந்து, கொழும்பில் பெரிய ஆளானவர். கோட்டுத் தோளில் இல்லாத தூசியை விரலால் தட்டிக்கொண்டே இருப்பார்.

அவர் பேச்சுக்காக மேடைத் திரையில் ஓடவிட்ட படத்தில் இரண்டு நியூத்திரன் நட்சத்திரங்கள் மோதிச் சிதறின. சிதறிய குப்பையைத் துளைத்துக்கொண்டு நடுவிலிருந்து ஒளித்தாரை ஒன்று நேராகப் பீறிட்டது.

"நானும் இந்தத் தாரை மாதிரிதான். லயத்துக் குப்பையத் துளைச்சிக்கிட்டுத் தனியா வந்தவன்" என்றார். அண்டமே இவருடைய பெருமைக்காகத்தான் வெடிக்கிறது போலும். கொழுந்து பறித்து அவரைப் படிக்க வைத்த அக்கா கடைசி வரிசையிலிருந்து கை தட்டினார்.

பௌதிகவியல் கற்பிக்கும் எனக்குப் பொறுக்கவில்லை. விழா முடிந்ததும் வாசலில் அவரைப் பிடித்தேன்.

"சேர், சுத்தியிருக்கிற அந்தக் குப்பைதான் தாரைய நெருக்கி, ஒடுக்கி, நேரா போக வைக்குதுங்க. அது இல்லாட்டி தாரை பரந்து போயிருங்க."

"அப்படிங்களா?" தன் கோட்டுத் தோளைத் தட்டிக்கொண்டார். "ஆனா தூரத்துல இருந்து பாக்கிறவங்களுக்குத் தாரை மட்டும்தானே தெரியுது?"

அப்போது அக்கா வந்து, மடங்கிக் கிடந்த அவருடைய கோட்டுக் காலரை நீவிச் சரிசெய்தார். அக்காவின் கை பட்ட இடத்தையும் தட்டிவிட்டுக்கொண்டு அவர் காரில் ஏறினார்.

அங்கே என்ன தூசியைக் கண்டாரோ!