தலைமாட்டுத் திசை

சரவணம்பட்டியில் மகள் வாங்கிய புது ஃபிளாட்டில், கிழக்குச் சுவரில் ஒரு மலைப் படம் மாட்டியிருக்கிறாள். "நல்லா இருக்குதுங்களாப்பா?" என்றாள். தலையாட்டிவிட்டேன். ஆனால் பார்க்கப் பார்க்க இடம் மாறி இருப்பதுபோலவே இருந்தது. மலை என்றால் மேற்கே இருப்பது. மேற்குச் சுவரில் இருந்தால்தான் எனக்கு அது அழகு. ஒன்பதாவதோடு நின்றவனுக்கு என்ன ரசனை என்கிறீர்களா? அதுவும் சரிதான்.

கோவைக்கு மேற்கே எங்கள் ஊர். அங்கே இடது, வலதெல்லாம் பள்ளிக்கூட டிரில்லோடு சரி. பந்தியில்கூட "கொஞ்சம் தெக்கால நகருங்க" என்பார்கள். என் மச்சானுக்கு, அதாவது அக்கா புருஷனுக்கு, திசை சொல்லாவிட்டால் செருப்பைக்கூட எடுக்கத் தெரியாது.

தொண்ணூறுகளில் நானும் அவரும் ஒரே பேட்டரிக் கடையில் வேலை. சார்ஜில் போட்டிருந்த லாரி பேட்டரி வெடித்து, ஆசிட் அவர் இரண்டு கண்ணிலும் தெறித்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில், கண்கட்டோடு அவர் அக்காவிடம் முதலில் கேட்டது வலியைப் பற்றி அல்ல.

"சரசு, என்ற தலமாடு எந்தப் பக்கம்?"

கட்டில் வடக்கே தலைமாடு. அப்படிப் படுத்தால் ஆயுசு போகும் என்று நம்புகிற மனுஷன். அவர் கண்ணயர்ந்திருந்தபோதே நாங்கள் திருப்பிப் போடச் சொல்லிக் கெஞ்சியதற்கு, "இதென்ன உங்க ஊடா?" என்றுவிட்டாள் நர்ஸ்.

அக்கா தடுமாறவே இல்லை. "தெக்காலதானுங்க."

மனதில் தலைமாடு மாறியதும் அவருக்கு வார்டே திரும்பிவிட்டது. கிழக்கு ஜன்னல் மேற்காகிவிட்டது.

"அப்ப சன்னல்ல மலை தெரியோணுமே?"

"தெரியுதுங்க. நல்லா நீலமா."

அங்கே இருந்தது ஒரு தண்ணீர்த் தொட்டி. காலை வெயில் முகத்தில் பட்டால் கண்டுபிடித்துவிடுவாரோ என்று பயந்து, விடியும் முன்பே ஜன்னலைச் சாத்திவிடுவேன். சாயங்காலம் என்னைச் சீண்டுவார்: "ஏ மாப்ள, பொழுது மலைக்குப் பொறகால போயிருச்சா? இல்ல, நீ புடிச்சு வெச்சிருக்கியா?"

கட்டைப் பிரித்த அன்று டாக்டர், அக்கா, நான். முகத்துக்கு நேரே டார்ச்சை அடித்து, "ஏதாச்சும் தெரியுதுங்களா?" என்றார் டாக்டர். மச்சான் திரும்பி, ஜன்னலைப் பார்த்துச் சிரித்தார்.

"தெரியுதுங்க. மலைதானுங்க. நல்லா நீலமா."

டாக்டர் ஜன்னலைப் பார்த்தார். டார்ச்சை அணைத்தார். அக்கா என் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டாள்.

எங்களுக்காகச் சொன்னாரா, நிஜமாகவே அப்படித் தோன்றியதா? கேட்க எனக்குத் தைரியம் வந்ததில்லை. இப்போது கேட்க அவரும் இல்லை.

வீட்டுக்கு வந்தபின் அக்கா அவருக்குத் திசை சொல்லி நான் கேட்கவில்லை. சாப்பாட்டு நேரத்தில் அவர் கையைப் பிடித்துச் சோற்றின்மேல் வைப்பாள்.